கடலில் தனி நீச்சல்: கரையில் ஒருவர் நிற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உள்ள கரையில், பொழுது விடியும் நேரத்தில் கடலில் இறங்கி நீந்துகிறவர்களை இப்போது அடிக்கடி பார்க்க முடிகிறது. நீச்சல் குளத்தில் முறையாகப் பழகியவர்கள். நிற்காமல் ஒரு கிலோமீட்டர் போகக்கூடியவர்கள். பெரும்பாலும் தனியாகவே வருகிறார்கள். வண்டியை எண்ணூர் விரைவுச் சாலையோரம் நிறுத்திவிட்டு, சட்டையையும் செருப்பையும் கல்லின் மேல் வைத்துவிட்டு இறங்குகிறார்கள். அவர்கள் கடலில் இருப்பது அந்தச் சட்டைக்குத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. கடல் நீச்சலின் நன்மைகளைச் சொல்லும் கட்டுரைகள் தங்கள் நாளிதழிலும் வருகின்றன. அவற்றோடு சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டிய சிலவற்றை எழுதுகிறோம். சற்று நீளமாக இருந்தாலும் பிரசுரிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நெடுந்தூர நீச்சல் வரலாற்றில் 'தனியாகக் கடந்தார்' என்று எழுதப்படுகிறவர்களில் பெரும்பாலோர் உண்மையில் தனியாகக் கடக்கவில்லை. 1875-இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலில் நீந்திக் கடந்த மேத்யூ வெப் பக்கத்தில் படகு வந்தது. 1994-இல் நம் சென்னைப் பையன் குற்றாலீஸ்வரன் 12 வயதில் அதே கால்வாயைக் கடந்தபோதும் படகு கூடவே போனது. துணைப் படகும் அதில் ஒரு பார்வையாளரும் இல்லாவிட்டால் அந்த நீச்சலைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். கால்வாயை வென்ற அதே வெப், 1883-இல் நயாகரா அருவிக்குக் கீழே உள்ள சுழல் வெள்ளத்தில் ஒற்றை ஆளாக இறங்கி உயிரை விட்டார். உலகின் சிறந்த நீச்சல்காரர்களே துணை இல்லாமல் இறங்குவதில்லை என்னும்போது, வேலைக்குப் போகும் முன் முக்கால் மணி நேரம் நீந்த வருகிறவருக்கு அந்தத் துணை வேண்டாமா?

இன்னொரு சம்பவத்தையும் நீந்துகிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கிலோமீட்டர் உலகக் கோப்பைப் போட்டியில், அமெரிக்காவின் ஃபிரான் கிரிப்பன் என்ற 26 வயது வீரர் இறந்தார். சுற்றிலும் போட்டியாளர்கள் இருந்தும் அவர் அமிழ்ந்ததை யாரும் பார்க்கவில்லை. மற்றவர்கள் கரையேறித் தேடிய பிறகுதான் ஆள் வரவில்லை என்பதே தெரிந்தது. அன்று தண்ணீர் மிகவும் சூடாக இருந்தது. அதன் பிறகுதான் போட்டி நடத்த நீரின் வெப்பம் 31 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு வந்தது. நம் கடலில் குளிரால் ஆபத்து இல்லை, சூட்டால் உண்டு. கோடையில் மேல்மட்டத் தண்ணீர் 30 டிகிரியைத் தொடும். அனல்மின் நிலையத்தின் வெந்நீர் வந்து சேரும் எண்ணூர்ப் பக்கத்தில் அதற்கும் மேலே போகும். தண்ணீருக்குள் வியர்ப்பது தெரியாது, தாகமும் தெரியாது. தலை கிறுகிறுப்பதுதான் முதல் அறிகுறியாக வரும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் இல்லை என்றால் அதுவே கடைசி அறிகுறியும் ஆகிவிடும். இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்னதாக அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் அரை மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் நீந்த வேண்டாம்.

நீந்தத் தெரிந்தவர் எப்படி மூழ்குவார் என்று பலர் கேட்கிறார்கள். கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்கிறது. மூச்சு இழுக்கும்போது ஒரு அலை வாய்க்குள் புகுந்து புரையேறுகிறது. காதில் தண்ணீர் போய்த் தலை சுற்றுகிறது. சொறி மீன் (ஜெல்லி மீன்) மேலே பட்டுத் தீயாய் எரிகிறது. இவற்றில் எதுவும் தன்னளவில் ஆளைக் கொல்லாது. பக்கத்தில் ஒருவர் கை கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் சரியாகிவிடும். தனி ஆளுக்கு அந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை. குளத்தில் 25 அல்லது 50 மீட்டருக்கு ஒரு சுவர் வருகிறது. அதைத் தொட்டு, காலால் உந்தி, தெரியாமலேயே ஒரு சின்ன ஓய்வு எடுத்துக்கொள்கிறோம். கடலில் சுவர் கிடையாது. அதனால் கடலுக்கு வருமுன் பார்க்க வேண்டிய தேர்வு எத்தனை கிலோமீட்டர் என்பது இல்லை. ஆழமான பகுதியில், எதையும் தொடாமல், 10 நிமிடம் மல்லாந்து மிதக்க முடிகிறதா என்று பாருங்கள். காது தண்ணீருக்குள் இருக்கும்படி தலையைப் பின்னால் சாய்த்து, வயிற்றை உயர்த்தி, கைகளை விரித்து உள்ளங்கையால் மெல்லத் துழாவ வேண்டும். இது வராதவர் எவ்வளவு வேகமாக நீந்தினாலும் கடலுக்குத் தயாராகவில்லை. கெண்டைக்கால் பிடித்தால் செய்ய வேண்டியதும் இதே மிதப்பிலிருந்துதான்: மல்லாந்து, பிடித்த காலின் பெருவிரலைப் பிடித்து முழங்காலை நீட்டி, பாதத்தைத் தன் பக்கம் இழுத்து, சதை இளகும் வரை அப்படியே இருக்க வேண்டும்.

இனி வடசென்னைக் கடலைப் பற்றி. இந்தக் கரை மெரினாவைப் போன்றது அல்ல. துறைமுகம் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகரும் மணல் தடுக்கப்பட்டு மெரினா அகன்றது. ராயபுரத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்றது. அதைத் தடுக்கக் கல் கொட்டினார்கள், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர்களான தூண்டில் வளைவுகள் கட்டினார்கள். இரண்டு தூண்டில் வளைவுகளுக்கு நடுவே மணல் சேர்ந்து, பார்க்க அமைதியான சிறு குளம் போல் இருக்கும். குழந்தைகளோடு வருகிறவர்களும் நீந்த வருகிறவர்களும் அங்கேதான் இறங்குகிறார்கள். அந்த அமைதிதான் ஏமாற்றுகிறது. அலைகள் உள்ளே கொண்டு வரும் தண்ணீர் எங்காவது வெளியேறியாக வேண்டும். அது கல் சுவரைத் தொட்டுக்கொண்டு, சுவரோரமாகவே கடலுக்குத் திரும்பும். இதைத்தான் இழுவை என்கிறோம். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோர நீரோட்டம் வடக்கே போவதால், அது கல்லில் மோதும் தெற்குப் பக்கத்தில் இழுவை அதிகம். வாடை தொடங்கி ஐப்பசி, கார்த்திகையில் நீரோட்டம் தெற்கே திரும்பியதும் வடக்குப் பக்கத்தில் அதிகம். மறுபக்கமும் பத்திரம் என்று சொல்ல முடியாது; அங்கே சுழல் இருக்கும். எந்தப் பருவமானாலும் கல்லிலிருந்து 100 அடி தள்ளியே இருங்கள்.

இழுவையைக் கரையிலிருந்தே கண்டுபிடிக்கலாம். அலை எல்லா இடத்திலும் வெள்ளையாக உடையும்போது, ஒரு பட்டையில் மட்டும் உடையாமல், தண்ணீர் கருத்தோ மண் கலங்கியோ இருக்கும். நுரையும் குப்பையும் அந்தப் பட்டை வழியே கடல் பக்கம் போய்க்கொண்டிருக்கும். அலை இல்லாத இடம் என்று அங்கேயே போய் இறங்குகிறவர்கள் பலர். குறைந்தது 10 நிமிடம் நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வந்து, இடையில் சில நிமிடம் அடங்கும்; வந்தவுடன் அடங்கிய நேரத்தைப் பார்த்து இறங்கினால் அடுத்த கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பிறகு ஒரு காய்ந்த தேங்காய் மட்டைத் துண்டை அலை உடையும் இடத்துக்கு அப்பால் எறிந்து, கரையோடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று 10 வினாடி எண்ணிப் பாருங்கள். ஒரு கிலோமீட்டரை அரை மணியில் நீந்துகிறவர் 10 வினாடியில் ஐந்தரை மீட்டர் போகிறார். மட்டை 10 வினாடியில் 3 மீட்டர், அதாவது நான்கு நடை எட்டுக்கு மேல் நகர்ந்தால், எதிர்த்து நீந்தும்போது உங்கள் வேகத்தில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். அன்று கரையில் நடந்துவிட்டுத் திரும்புங்கள். அதற்குக் குறைவாக நகர்ந்தால், முதலில் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தி, களைத்த பிறகு அதோடு திரும்பி வாருங்கள். இதை மாற்றிச் செய்கிறவர்கள்தான் பாதி வழியில் தத்தளிக்கிறார்கள்.

இழுவை ஆளைத் தண்ணீருக்கு அடியில் இழுப்பதில்லை. வெளியே கொண்டு போகும், அவ்வளவுதான். அதன் அகலம் பெரும்பாலும் 30 மீட்டருக்குள். வேகம் சாதாரணமாக வினாடிக்கு 1 முதல் 2 அடி. கடுமையான நாளில் 8 அடி வரை போகும், அதை ஒலிம்பிக் வீரராலும் எதிர்க்க முடியாது. கரையை நோக்கி நேராக நீந்திக் களைத்துப் போவதால்தான் சாவு வருகிறது. கரைக்கு இணையாக நகர்ந்து வெளியே வர வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் தூண்டில் வளைவுக்குப் பக்கத்தில் ஒரு பக்கம் கல் இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. கல்லை விட்டு விலகும் பக்கம் மட்டுமே நகர வேண்டும். இரண்டு வளைவுகள் நெருக்கமாக இருந்து, அதற்கும் இடம் இல்லை என்றால், எதிர்க்காமல் மல்லாந்து மிதந்து போங்கள். கல் முனையைத் தாண்டியதும் இழுவை தளரும். அங்கிருந்து பக்கவாட்டில் விலகி, அலை வெள்ளையாக உடையும் நடுப்பகுதி வழியாக அலையோடு உள்ளே வாருங்கள். பயத்தில் கல்லைப் பிடித்து ஏறப் பார்ப்பதுதான் இந்தக் கரையில் நடக்கும் பெரிய தவறு. கல்லில் பாசி வழுக்கும், கல்லில் ஒட்டி வளரும் ஓட்டுயிரான கொட்டலசு கத்தி போல் கிழிக்கும். கற்களுக்கு நடுவே கால் மாட்டினால் அடுத்த அலை தலையைக் கல்லில் மோதும்.

நேரத்தைப் பற்றி ஒரு சங்கதி. நம்முடையது கிழக்குக் கரை. காலை 6 மணியிலிருந்து 8 மணி வரை, கரையில் நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு நேரே சூரியன் இருக்கும். நீந்துகிறவரின் தலை தண்ணீருக்கு மேலே ஒரு சாண்கூடத் தெரியாது. அந்தக் கூசும் ஒளியில், நூறு மீட்டர் தள்ளிப் போன ஒரு கறுப்புத் தலையைக் கண்டுபிடிக்கவே முடியாது. நீலத் தொப்பி, வெள்ளைத் தொப்பி எல்லாம் அலையோடு கலந்துவிடும். ஆரஞ்சு அல்லது பளிச்சென்ற மஞ்சள்பச்சைத் தொப்பிதான் போட வேண்டும். பார்ப்பவருக்குக் கறுப்புக் கண்ணாடியும் முன் மறைப்புள்ள தொப்பியும் அவசியம். மாலையில் சூரியன் முதுகுப் பக்கம் போய்விடும், கண்ணுக்கு நல்லது. ஆனால் கோடையில் மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறித் தண்ணீரைக் குலைத்துவிடும். நன்றாக விடிந்த பிறகு இறங்கி 8 மணிக்குள் ஏறுவதே பெரும்பாலான நாட்களுக்குப் பொருந்தும். இருட்டில் இறங்குவதை எந்தக் காரணம் சொன்னாலும் எங்களால் ஏற்க முடியாது.

விடியற்காலையில் இன்னொரு ஆபத்து படகு. இரவில் போன ஃபைபர் படகுகள் மீனோடு கரைக்குத் திரும்பும் நேரம் அது. ஓட்டுகிறவர் பின்னால் நிற்பார். வேகத்தில் படகின் மூக்கு தூக்கிக்கொள்ளும்; முன்னால் தண்ணீரில் இருக்கும் தலை அவருக்குத் தெரியாது. அவரைக் குறை சொல்ல முடியாது, அது அவருடைய தொழில் பாதை. படகுகள் ஏற்றி வைத்திருக்கும் கரைக்கு எதிரே நீந்தவே கூடாது. மீன்பிடித் துறைமுகத்துக்குள்ளும் அதன் வாயிலும் அறவே கூடாது. வரிசையாக மிதவைக் கட்டைகள் தெரிந்தால் அடியில் வலை இருக்கிறது என்று பொருள். நைலான் வலை தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது. காலில் சிக்கினால் உதைக்காதீர்கள், உதைத்தால் இறுகும். அசையாமல் மிதந்து, வந்த வழியே பின்னால் நகர்ந்து, கையால் ஒவ்வொன்றாக விலக்குங்கள். இதைத் தனியாகச் செய்ய வேண்டி வந்தால் எவ்வளவு நேரம் மிதக்க முடிகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இறங்குமுன் அந்தக் குப்பத்தில் வலை சரிசெய்துகொண்டிருக்கும் ஒருவரிடம், "அண்ணே, இன்னிக்குத் தண்ணி எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். "இழுவை ஜாஸ்தி, வேணாம்பா" என்று அவர் சொன்னால் வேறு எந்த ஆலோசனையும் தேவையில்லை. திருச்சினாங்குப்பமானாலும் நெட்டுக்குப்பமானாலும் தாழங்குப்பமானாலும், ஆபத்தில் முதலில் குதிக்கப் போவதும் அவர்தான். நீங்கள் இறங்குவது அவருக்குத் தெரிந்திருப்பதே ஒரு பாதுகாப்பு.

கொசஸ்தலையாற்றின் முகத்துவாரத்தில் நீந்த வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் அளவு வித்தியாசம் இருக்கும். வற்றும்போது கழிமுகத்துத் தண்ணீர் முழுதும் அந்தக் குறுகிய வாய் வழியே கடலுக்கு ஓடும். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மாசி மகம் என்று நாம் கடலாடும் நாட்கள் எல்லாம் இந்த நாட்களே என்பதை நினைவில் வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பரவியதும் இந்தக் கழிமுகத்தில்தான். மழை பெய்த பிறகு மூன்று நாட்களுக்குக் கடலிலும் இறங்காதீர்கள். உடம்பில் ஆறாத புண் இருந்தால் எலிக்காய்ச்சல் முதல் பல தொற்றுகள் வரும். புழல் குடிநீர் ஏரி, அதில் இறங்குவதே தவறு. 21 அடி வரை நீர் நிற்கும் ஏரி அது. மதகுக்கு அருகே உறிஞ்சும் விசை மேலிருந்து பார்த்தால் தெரியாது. மற்ற ஏரிகளில் சவுடு மண் எடுத்த பள்ளங்கள் இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் போவார். நன்னீரில் உடம்பு கடலில் மிதக்கும் அளவுக்கு மிதக்காது என்பதும் கடலில் பழகியவர்கள் மறக்கும் விஷயம்.

கையில் இருக்க வேண்டிய பொருள்களில் முதலாவது, இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் மிதவைப் பை. 20 லிட்டருக்குக் குறையாமல், ஆரஞ்சு நிறத்தில், இரண்டு காற்றறைகள் உள்ளதாகப் பாருங்கள். ஒன்று ஓட்டையானாலும் மற்றது தாங்கும். கயிறு ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும், நீளமானால் காலில் சுற்றும். முதல் நாள் இரவே ஊதி வையுங்கள். காலையில் தளர்ந்திருந்தால் ஊதும் வாயில் கசிவு இருக்கிறது. பெரும்பாலும் உப்பும் மணலும் அடைத்ததால் வருவது, ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவினால் வராது. இடுப்புப் பட்டை ஒரே இழுப்பில் கழலும் கொக்கியோடு இருக்க வேண்டும். கொக்கி உடைந்துவிட்டது என்று முடிச்சுப் போட்டுக் கட்டாதீர்கள். கயிறு வலையிலோ கல்லிலோ மாட்டினால் நனைந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. இந்தப் பை உயிர்காப்பு உடை ஆகாது. மயங்கியவரின் முகத்தை அது தண்ணீருக்கு மேலே வைத்திருக்காது. களைத்தவர் கட்டிப்பிடித்து ஓய்வெடுக்கவும், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் படகோட்டிக்கும் ஆள் இருப்பது தெரியவும்தான் அது. தண்ணீரிலும் ஒலிக்கும், உள்ளே உருண்டை இல்லாத விசில் ஒன்றைப் பட்டையில் கட்டிக்கொள்ளுங்கள்.

நீந்தும்போது ஆறு முதல் பத்து கை வீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வரும்படி தலையைத் தூக்கி முன்னால் பாருங்கள். கரையில் ஒன்றின் பின் ஒன்றாக நேர்கோட்டில் தெரியும் இரண்டு பொருள்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும்: முன்னால் ஒரு கல் முனை, பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, இப்படி. முன்பொருள் இடப்பக்கம் விலகினால் நீங்கள் வலப்பக்கம் அடித்துப் போகப்படுகிறீர்கள். ஒற்றைக் கோபுரத்தையோ புகைபோக்கியையோ மட்டும் பார்த்தால் இது தெரியாது. கரைக்கு இணையாகத்தான் நீந்த வேண்டும். இந்தக் கரை செங்குத்து. சில எட்டுகளிலேயே கழுத்தளவு வந்துவிடும், அதனால் வெளியே போக வேண்டிய தேவையே கிடையாது.

கரையில் நிற்பவரைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. அவருக்கு நீச்சல் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. மனைவியோ தம்பியோ பக்கத்து வீட்டுப் பையனோ போதும். ஆனால் கைப்பேசியில் வீடியோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் துணை ஆக மாட்டார். மூழ்குகிறவர் கத்த மாட்டார், கையை அசைக்கவும் மாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழுமாகப் போய்வரும், தலை பின்னால் சாயும், உடம்பு செங்குத்தாக நிற்கும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கும், கால் உதைப்பது நின்றுவிடும். இந்த நிலையில் 20 முதல் 60 வினாடிதான். ஒரு குறுஞ்செய்தி படிக்கும் நேரத்தில் முடிந்துவிடும். எனவே அவர் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும், நீந்துகிறவரோடு கரையிலேயே நடந்து வர வேண்டும். ஒரு கையைத் தலை மேல் வைத்தால் நலம், கையை நீட்டி அசைத்தாலோ மூன்று முறை விசில் ஊதினாலோ உதவி என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கையில் 5 லிட்டர் காலி கேன் ஒன்றும் 20 மீட்டர் கயிறும் இருக்க வேண்டும். கேனில் அரை லிட்டர் தண்ணீர் விட்டு மூடியை இறுக்கினால் எறியும்போது காற்றில் திரும்பி வராமல் தூரம் போகும். மீதிக் காற்று தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொள்ளப் போதுமானது. கயிறு மிதக்கும் பிளாஸ்டிக் கயிறாக இருக்கட்டும், நைலான் மூழ்கும். கயிற்றின் மறுமுனையைக் காலடியில் மிதித்துக்கொண்டு, ஆளின் தலைக்கு அப்பால் எறிந்து, அவர் மேல் வரும்படி இழுக்க வேண்டும். கயிறு இல்லாவிட்டால் சேலை உண்டு; ஒன்று ஐந்தரை மீட்டர், இரண்டை முடிச்சுப் போட்டு இணைத்தால் பத்து. பெற்ற பிள்ளையே ஆனாலும் வெறும் கையோடு குதிக்கக் கூடாது என்பதைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறோம். மூழ்குகிறவர் பிடித்தால் விட மாட்டார். ஒரு வீட்டில் இரண்டு, மூன்று பேர் சேர்ந்து போவது இப்படித்தான். முதலில் குப்பத்து ஆட்களைக் கூப்பிடுங்கள், அதோடு 112 அல்லது 108. கடலோரக் காவல் குழும எண் 1093, கடலோரக் காவல் படை எண் 1554; இரண்டையும் கைப்பேசியில் இப்போதே பதிந்து வையுங்கள்.

கரையேற்றியவரைத் தலைகீழாகத் தூக்குவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் இன்றும் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். வயிற்றை அமுக்கினால் சோறும் தண்ணீரும் நுரையீரலுக்குள் போகும், பொன்னான நிமிடங்களும் போகும். மூச்சு நின்று நான்கைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கத் தொடங்குகிறது. சமதரையில் மல்லாத்தி, நெற்றியைச் சாய்த்து, முகவாயை உயர்த்துங்கள். மூச்சு இல்லை என்றால் மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து முறை ஊதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மார்பு உயர்வது தெரிய வேண்டும். பிறகு நெஞ்செலும்பின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் 30 அமுக்கு, 2 ஊது, மறுபடியும் 30. வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டிருக்காமல் ஊதுங்கள். எழுந்து உட்கார்ந்து நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சொன்னாலும், இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் மருத்துவமனைக்குக் கொண்டு போயாக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் துணை கிடைக்காமல் தனியாக இறங்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு குறைந்தபட்சம் உண்டு. வீட்டில் ஒருவரிடம் இடத்தையும் நேரத்தையும் சொல்லுங்கள்: "இன்ன குப்பத்துக்கு எதிரே 6.15-க்கு இறங்குறேன், 6.45-க்குக் கூப்பிடுவேன், 7 மணி வரைக்கும் வரலைன்னா 112-க்குச் சொல்லு." பத்து நாள் கூப்பிட மறந்தவருக்காகப் பதினோராவது நாள் யாரும் பதற மாட்டார்கள், ஆகவே ஒரு நாளும் மறக்காதீர்கள். நெஞ்சளவு ஆழத்துக்கு மேல் போகாதீர்கள். தண்ணீருக்கு அடியில் மூச்சடக்கிப் போகும் பயிற்சியைத் தனியாக ஒருபோதும் செய்யாதீர்கள். அதற்கு முன் வேகவேகமாக மூச்சு இழுத்து விடுவது இன்னும் ஆபத்து. மூச்சு வேண்டும் என்று உடம்புக்குச் சொல்வது கரியமில வாயு. அதை முன்பே வெளியேற்றிவிட்டால், மூச்சு முட்டும் உணர்வே வராமல் நினைவு தப்பும். வலிப்பு, இதய நோய் உள்ளவர்களும், முதல் நாள் இரவு குடித்தவர்களும் தனியாக இறங்கவே கூடாது. இதில் விதிவிலக்கு இல்லை.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். மூழ்கிய செய்தி வரும்போதெல்லாம் 'ராட்சத அலை இழுத்துச் சென்றது' என்று எழுதுகிறார்கள். அதைப் படிப்பவர், பெரிய அலை இல்லாத நாளில் பயமில்லை என்று எடுத்துக்கொள்கிறார். பல சாவுகள் காற்றே இல்லாத, நல்ல வெயில் நாட்களில்தான் நடக்கின்றன. 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தபோது நடப்பில் இருந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை. எங்கோ தொலைவில் கிளம்பிய அலை, இங்கே காற்றில்லாத நாளில் வந்து கரையை ஏறும். இத்தகைய எச்சரிக்கைகளையும் அன்றாடக் கடல் நிலையையும் ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் வெளியிட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் அது மீனவர் அல்லாத வடசென்னைவாசி ஒருவரின் கண்ணில் படுவதில்லை.

தங்கள் நாளிதழில் தினமும் புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர்மட்டம் ஒரு சிறு கட்டத்தில் வருகிறது. அதற்குக் கீழே இன்னும் நான்கு வரி சேர்க்க முடியுமா? சென்னைக் கடலில் அன்றைய அலை உயரம், இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட வினாடி, கரையோர நீரோட்டம் வடக்கா தெற்கா, எச்சரிக்கையோ துறைமுகத்தில் ஏற்றிய புயல் கூண்டு எண்ணோ ஏதாவது இருந்தால் அது. அலை உயரம் ஒரு மீட்டருக்கு மேல் என்றோ, இடைவெளி 12 வினாடிக்கு மேல் என்றோ இருந்தால் அன்று நீந்தப் போக வேண்டாம் என்று நாங்கள் எங்களிடம் பயில்பவர்களுக்குச் சொல்கிறோம். அதையும் கட்டத்தின் ஓரத்தில் போடலாம். முதல் நாள் மாலையே கிடைத்துவிடும் தகவல் என்பதால் அச்சுக்குப் போகும் நேரத்துக்கும் தடை இருக்காது.

இப்படிக்கு,
கடல் நீச்சல் பயிற்றுநர்கள் சிலர்,
திருவொற்றியூர், சென்னை.